மருத்துவமனைப் பணியாளர் மூக்கில் வாழும் ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ்: மரபணு வகைப்பாடு உணர்த்துவனவும் உணர்த்தாதனவும்

ஆய்வுச்சுருக்கம்

ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா நலமுடைய மனிதர் பலரின் மூக்கில் தீங்கின்றி வாழ்வது. அறுவைப் புண்ணிலோ குருதியிலோ புகும்போது அதுவே உயிருக்கு இடர் விளைக்கிறது. மருத்துவமனையின் ஒரு பிரிவில் இத்தொற்று பலருக்கு ஒருசேரத் தோன்றும்போது, அங்குப் பணியாற்றுவோரின் மூக்கிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிப்பது உண்டு. அச்சோதனையில் ஒருவரிடம் பாக்டீரியா காணப்படுவதால் மட்டும் அவர் தொற்றின் மூலம் ஆகிவிடார். நோயாளியிடமும் பணியாளரிடமும் உள்ளவை ஒரே திரிபா என்பதை மரபணு வகைப்பாடே தெளிவாக்குகிறது. ஃபேஜ் வகைப்பாடு முதல் முழு மரபணுத்தொகுதி வரிசையாக்கம் வரையிலான முறைகளை இக்கட்டுரை விளக்குகிறது. தொடர்பில்லை என மறுப்பதில் இம்முறைகள் வலிமை மிக்கவை என்பதையும், யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்பதைத் தனித்து நிறுவ அவை போதா என்பதையும் வெளியான ஆய்வுகளின் துணைகொண்டு எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ், எம்.ஆர்.எஸ்.ஏ., மூக்கில் சுமத்தல், மரபணு வகைப்பாடு, முழு மரபணுத்தொகுதி வரிசையாக்கம், மருத்துவமனைத் தொற்று.

முன்னுரை

1880களில் ஸ்காட்லாந்தின் அபெர்டீன் நகர அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், சீழ்க்கட்டிகளிலிருந்து எடுத்த சீழை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது திராட்சைக் கொத்துப் போலத் திரண்டிருந்த கோள வடிவ நுண்ணுயிரிகளைக் கண்டார். திராட்சைக் கொத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அவற்றுக்கு ஸ்டெபைலோகாக்கஸ் எனப் பெயரிட்டார். 1884 இல் ஜெர்மானிய மருத்துவர் ரோசன்பாக், பொன்னிறமாக வளரும் வகைக்குப் பொன் என்னும் பொருள்படும் ஆரியஸ் என்ற சொல்லைச் சேர்த்தார். இக்கட்டுரையில் இந்நுண்ணுயிரி இனி ஆரியஸ் எனச் சுருக்கமாகக் குறிக்கப்பெறும்.

பென்சிலின் எதிர்ப்பாற்றல் பெற்ற ஆரியஸுக்கு எதிராக 1959 இல் மெத்திசிலின் மருந்து பயன்பாட்டுக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1961 இல், அம்மருந்துக்கும் கட்டுப்படாத ஆரியஸை இங்கிலாந்தில் பட்ரீசியா ஜெவன்ஸ் அறிவித்தார். மெத்திசிலினை எதிர்க்கும் இவ்வகையே எம்.ஆர்.எஸ்.ஏ. எனப்படுகிறது. மெக்-ஏ என்னும் மரபணு உருவாக்கும் மாற்றுப் புரதமே இவ்வெதிர்ப்புக்குக் காரணம். அப்புரதத்துடன் பீட்டா-லாக்டம் குடும்ப மருந்துகளுள் பெரும்பாலானவை பிணைய இயலாமையால் பாக்டீரியா தன் செல்சுவரைத் தடையின்றிக் கட்டிக்கொள்கிறது.

எம்.ஆர்.எஸ்.ஏ. தொற்று ஒரு பிரிவில் அடுத்தடுத்துத் தோன்றினால் ‘இது எங்கிருந்து வந்தது?’ என்ற வினா உடனே எழும். அவ்வினா விரைவிலேயே ‘இது யாரிடமிருந்து வந்தது?’ என மாறிவிடுவதும் இயல்பு. செவிலியர், மருத்துவர், தூய்மைப் பணியாளர், ஆய்வக நுட்பநர் ஆகியோரின் மூக்கில் பஞ்சுக்குச்சி வைத்து மாதிரி எடுக்கப்படும். ஒரு பக்கம் நோயாளியின் உயிர். மறுபக்கம் பணியாளரின் நற்பெயரும் வாழ்வாதாரமும். இரண்டுக்கும் நேர்மையாக விடைகாண வேண்டுமாயின் சோதனை முடிவு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை அறிதல் இன்றியமையாதது.

மூக்கு என்னும் உறைவிடம்

ஆரியஸின் முதன்மை உறைவிடம் மூக்குத்துளையின் முன்பகுதி. அங்குள்ள தோற்செல்களின் மேற்பரப்பில் லோரிகிரின் என்னும் புரதம் உண்டு. பாக்டீரியாவின் மேற்புறத்திலுள்ள ஒட்டுப்புரதம் ஒன்று அதனுடன் பிணைந்து அதற்கு நிலைகொள்ளும் இடத்தைத் தருகிறது. தொண்டை, அக்குள், கவட்டி ஆகிய இடங்களிலும் இது வாழக்கூடும்.

மக்களை இவ்வகையில் மூன்று பிரிவினராகப் பகுப்பது வழக்கம். ஏறத்தாழ 20 விழுக்காட்டினர் நிலையாகச் சுமப்போர், 30 விழுக்காட்டினர் இடையிடையே சுமப்போர், ஏனையோர் சுமவாதோர். நிலையாகச் சுமப்போர் பெரும்பாலும் ஒரே திரிபை நெடுங்காலம் கொண்டிருப்பர். இடையிடையே சுமப்போரிடம் வெவ்வேறு திரிபுகள் வந்து மறையும். ஒரே சிற்றினத்துக்குள் மரபுவழியில் வேறுபட்டு நிற்கும் கிளைகளையே இங்குத் திரிபு என்கிறோம்.

மருத்துவமனைப் பணியாளருக்கு மூன்றாவது ஒரு நிலையும் உண்டு. எம்.ஆர்.எஸ்.ஏ. உள்ள நோயாளியைப் பகல் முழுவதும் கவனித்த செவிலியரின் மூக்கில் அன்று மாலை அந்நுண்ணுயிரி காணப்படலாம். மறுநாள் பணிக்கு வரும்முன் அது மறைந்தும் போகலாம். இதனைக் கணநேரச் சுமத்தல் எனலாம். பணி முடியும் வேளையில் எடுத்த மாதிரியை மட்டும் நம்பினால், அன்றைய பணியின் சுவட்டை நிலையான சுமத்தல் எனப் பிழையாகக் கொள்ள நேரும். ஆகவே பணி தொடங்கும் முன் மாதிரி எடுப்பதே தக்கது.

இவ்விடத்தில் மற்றோர் உண்மையையும் கருத்திற் கொள்ளவேண்டும். நோயாளியைத் தாக்கும் ஆரியஸ் பெரும்பாலும் அந்நோயாளியின் மூக்கிலிருந்தே வருகிறது. 2001 இல் ஜெர்மனியில் வான் ஐஃப் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், குருதியில் ஆரியஸ் தொற்றுக்கு ஆளான 219 நோயாளிகளுள் 180 பேரிடம், அதாவது 82.2 விழுக்காட்டினரிடம், குருதியில் இருந்த திரிபும் அவர்தம் மூக்கில் இருந்த திரிபும் ஒன்றாகவே இருந்தன. பிறரைச் சோதிக்கும் முன் நோயாளியின் சொந்த மூக்கைச் சோதிக்க வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

மாதிரி முதல் வளர்ப்பு வரை

உப்புக் கரைசலில் நனைத்த பஞ்சுக்குச்சியை இரு மூக்குத்துளைகளின் முன்பகுதியிலும் சுழற்றி மாதிரி எடுப்பர். அதனை மானிட்டால் உப்பு அகார் தட்டில் தேய்த்து 37 பாகை செல்சியஸில் வளர்ப்பர். மிகுந்த உப்பைத் தாங்கும் ஆற்றல் ஆரியஸுக்கு உண்டு. அது மானிட்டாலை நொதிக்கச் செய்து அமிலம் உண்டாக்குவதால் தட்டின் செந்நிறம் மஞ்சளாக மாறும். பின்னர்க் குருதி நீர்மத்தை உறையச் செய்யும் கோயாகுலேஸ் நொதிக்கான சோதனை ஆரியஸை உறுதிசெய்யும். செஃபாக்சிட்டின் வில்லையைச் சுற்றி வளர்ச்சி தடைப்படும் பரப்பின் விட்டம் மெத்திசிலின் எதிர்ப்பைக் காட்டும். மெக்-ஏ மரபணுவைப் பி.சி.ஆர். முறையில் நேரடியாகக் கண்டறிவதும் உண்டு.

பெரும்பாலான மருத்துவமனை ஆய்வகங்கள் இந்நிலையோடு நின்றுவிடுகின்றன. எந்தெந்த மருந்துக்குக் கட்டுப்படும், எதற்குக் கட்டுப்படாது என்னும் பட்டியலை ஒப்பிட்டு, பட்டியல் ஒன்றாயின் நுண்ணுயிரியும் ஒன்றே என முடிவு செய்யும் போக்கும் காணப்படுகிறது. இது வலுவற்ற முடிவு. ஒரு மருத்துவமனையில் வழங்கும் மருந்துகள் ஒரே வகையின ஆதலால், தொடர்பற்ற திரிபுகளும் ஒரே எதிர்ப்புப் பட்டியலைப் பெறக்கூடும். மாறாக, எதிர்ப்பு மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட் ஒன்றை இழந்தாலோ பெற்றாலோ ஒரே திரிபு இரு வேறு பட்டியல்களைக் காட்டும்.

எண்ணிக்கை நோக்கிலும் ஓர் எச்சரிக்கை தேவை. 127 ஆய்வுகளைத் தொகுத்து ஆல்ப்ரிக், ஹார்பார்த் ஆகியோர் 2008 இல் வெளியிட்ட மதிப்பாய்வில், சோதிக்கப்பட்ட 33,318 மருத்துவப் பணியாளர்களுள் சராசரியாக 4.6 விழுக்காட்டினர் எம்.ஆர்.எஸ்.ஏ. சுமந்தனர். இவ்வளவைக் கொண்டு நோக்கின், 40 பேர் பணியாற்றும் பிரிவில் அனைவரையும் சோதித்தால் ஏறத்தாழ இருவரிடம் எம்.ஆர்.எஸ்.ஏ. கிடைக்கும் என எதிர்பார்க்கலாம். அங்குத் தொற்றுப் பரவல் நிகழ்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. தேடினால் கிடைக்கும் என முன்பே அறிந்த ஒன்று கிடைத்ததைக் குற்றத்தின் அடையாளமாகக் கொள்ளலாகாது.

வகைப்பாட்டு முறைகளின் வளர்ச்சி

அ. ஃபேஜ் வகைப்பாடு

பாக்டீரியாவைத் தாக்கி அழிக்கும் வைரஸ்கள் ஃபேஜ்கள் எனப்படும். ஒவ்வொரு ஃபேஜும் குறிப்பிட்ட சில திரிபுகளையே அழிக்கும். எண்ணிட்ட ஃபேஜ்களின் தொகுப்பை ஒரு திரிபின்மீது துளித்துளியாக இட்டு, எவ்வெவ் வட்டங்களில் வளர்ச்சி அழிகிறது எனக் குறித்தால் அத்திரிபின் வகை தெரியவரும். 1940களில் உருவான இம்முறை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஆரியஸ் ஆய்வின் அடித்தளமாக விளங்கியது. 1950களில் ஆஸ்திரேலியாவில் அறியப்பட்டு, பல நாடுகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் பரவிய 80/81 என்னும் திரிபு, 80, 81 ஆகிய எண்களுடைய ஃபேஜ்களால் அழிக்கப்பட்டமையாலேயே அப்பெயர் பெற்றது.

பணியாளர் மூக்கில் உள்ள எல்லாத் திரிபுகளும் ஒரே தன்மையின அல்ல என்பதையும் இம்முறையே புலப்படுத்தியது. நியூயார்க்கில் ஹென்றி ஷைன்ஃபீல்டு குழுவினர் 1963 இல் வெளியிட்ட ஆய்வுகளில், செவிலியர் ஒருவர் வழியாக 80/81 திரிபு குழந்தைகளைச் சென்றடைந்தது. ஆனால் 502ஏ என்னும் வேறொரு திரிபை முன்பே பெற்றிருந்த குழந்தைகளிடம் 80/81 இடம்பிடிக்க இயலவில்லை. இந்த 502ஏ திரிபும் மற்றொரு செவிலியரின் மூக்கில் வாழ்ந்ததே. ஒருவர் சுமந்தது தீங்காகவும் மற்றொருவர் சுமந்தது தடுப்பரணாகவும் அமைந்தன. ஆரியஸ் உண்டா இல்லையா என்று மட்டும் பார்க்கும் சோதனைக்கு இவ்வேறுபாடு புலப்பட்டிராது.

ஆ. துடிப்புப்புல ஜெல் மின்னாற்பிரிப்பு

ஃபேஜ் முறையில் பல திரிபுகள் எந்த வகையிலும் அடங்காமல் நின்றன. எனவே ஆய்வாளர்கள் டி.என்.ஏ.வை நேரடியாக ஒப்பிடும் வழியை நாடினர். ஸ்மா-1 என்னும் வெட்டு நொதி ஆரியஸின் குரோமோசோமைச் சில இடங்களில் மட்டும் வெட்டி, பெரிய துண்டுகளாகப் பிரிக்கும். இத்துண்டுகளை ஜெல்லில் இட்டு, மின்புலத்தின் திசையை மாற்றி மாற்றிச் செலுத்தினால் அவை நீளத்திற்கேற்பப் பிரிந்து பட்டைகளாக நிற்கும். இதனைப் பி.எஃப்.ஜி.இ. என்பர்.

1995 இல் டெனோவர் குழுவினர் இப்பட்டைகளை ஒப்பிடுவதற்கு வரையறை தந்தனர். பட்டைகளில் வேறுபாடு இல்லையெனில் இரண்டும் பிரித்தறிய இயலாதவை; இரண்டு அல்லது மூன்று பட்டைகள் வேறுபட்டால் நெருங்கிய தொடர்புடையவை; நான்கு முதல் ஆறு வேறுபட்டால் தொடர்பு இருக்கக்கூடியவை; ஏழும் அதற்கு மேலும் வேறுபட்டால் தொடர்பற்றவை. இம்முறை பல்லாண்டுகள் பொன்தரமாகப் போற்றப்பட்டது. எனினும் பட்டைகளின் படம் ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்றே மாறுபடுவதால் தொலைவிலுள்ள ஆய்வகங்களின் முடிவுகளை ஒப்பிடுவது கடினமாக இருந்தது.

இ. பல்லிட வரிசை வகைப்பாடும் ஸ்பா வகைப்பாடும்

படத்தைவிட எழுத்து எளிதில் ஒப்பிடத்தக்கது. எம்.எல்.எஸ்.டி. எனப்படும் பல்லிட வரிசை வகைப்பாட்டில், செல்லின் அன்றாட வாழ்வுக்கு இன்றியமையாத ஏழு மரபணுக்களின் பகுதிகள் வரிசைப்படுத்தப்படுகின்றன. ஒவ்வொரு மரபணுவின் மாற்றுருவுக்கும் ஓர் எண் வழங்கப்படும். ஏழு எண்களின் தொகுதி எஸ்.டி. என்னும் வரிசை வகையைத் தரும். ஆரியஸுக்கு இம்முறையை என்ரைட் குழுவினர் 2000 இல் வகுத்தனர்.

ஸ்பா வகைப்பாடு ஒரே ஒரு மரபணுவை நோக்குகிறது. ஆரியஸின் புரதம்-ஏ என்பதைக் குறிக்கும் மரபணுவில், பெரும்பாலும் 24 கார இணைகள் கொண்ட சிறு தொடர் ஒன்று பலமுறை மீண்டும் மீண்டும் வரும். அம்மீள்தொடர்களின் எண்ணிக்கையும் அடுக்குமுறையும் திரிபுக்குத் திரிபு வேறுபடும். ஒரே மரபணு போதுமாதலால் இது விரைவானது, செலவும் குறைவு.

இவ்விரு முறைகளின் எல்லையை எளிய கணக்கு ஒன்று உணர்த்தும். ஆரியஸின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 28 இலட்சம் கார இணைகளால் ஆனது. எம்.எல்.எஸ்.டி. படிப்பது ஏறத்தாழ 3,200 இணைகளை மட்டுமே. அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கினும் சற்று மிகுதி. எனவே இரு நுண்ணுயிரிகள் ஒரே எஸ்.டி. எண்ணைப் பெறுவது, இருவர் ஒரே ஊரினர் என்பதைப் போன்றது. ஒரே வீட்டினர் என்பதற்கு அது சான்றாகாது. இந்தியாவில் இது மிகவும் பொருந்தும். இங்கு எஸ்.டி. 22, வங்காள விரிகுடா குளோன் என அழைக்கப்பெறும் எஸ்.டி. 772 ஆகிய இரு வகைகளும் பரவலாகக் காணப்படுகின்றன. ஒரு வகை பரவலாக உள்ள நிலப்பரப்பில், செவிலியரிடமும் நோயாளியிடமும் அவ்வகையே இருப்பது தற்செயலாகவும் நிகழும். எஸ்.டி. எண்கள் வேறுபட்டால் அண்மைத் தொடர்பு பெரும்பாலும் இல்லை எனலாம். ஒன்றுபட்டால் மேலும் ஆராய வேண்டும்.

ஈ. முழு மரபணுத்தொகுதி வரிசையாக்கம்

2001 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆரியஸின் இரு திரிபுகளுடைய முழு மரபணுத்தொகுதியை வெளியிட்டனர். அப்போது பெருமுயற்சியாக இருந்த அப்பணி இன்று சில நாட்களில் முடியக்கூடியது. முழுத்தொகுதியையும் படித்தால் ஒற்றைக் கார மாற்றங்களையும் எண்ணிவிடலாம்.

இவ்வெண்ணிக்கையே ஒரு கடிகாரம் போல் உதவுகிறது. 2010 இல் சைமன் ஹாரிஸ் குழுவினர் எஸ்.டி. 239 வகையைச் சேர்ந்த எம்.ஆர்.எஸ்.ஏ. மாதிரிகளைப் பல நாடுகளிலிருந்தும் தாய்லாந்தின் ஒரே மருத்துவமனையிலிருந்தும் திரட்டி ஆராய்ந்தனர். மரபணுத்தொகுதியின் மையப்பகுதியில் ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு ஒரு மாற்றம் நிலைபெறுகிறது எனக் கணித்தனர். இதன்படி ஒரு கால்வழி ஓராண்டில் எட்டு அல்லது ஒன்பது மாற்றங்களைப் பெறும். ஒரே மூதாதையிலிருந்து ஓராண்டுக்கு முன் பிரிந்த இரு கால்வழிகளிடையே ஏறத்தாழ 17 மாற்றங்கள் இருக்கும்.

எத்தனை மாற்றங்கள் வரை அண்மைப் பரவல் எனக் கொள்ளலாம் என்பதற்கும் வரம்பு முன்வைக்கப்பட்டுள்ளது. கோல் குழுவினர் 2020 இல் வெளியிட்ட ஆய்வின்படி, முழுத்தொகுதியில் 15 மாற்றங்களுக்கு மேலோ மையப்பகுதியில் 12 மாற்றங்களுக்கு மேலோ இருப்பின், முந்தைய ஆறு மாதங்களுக்குள் பரவல் நிகழ்ந்தது என்பதை விலக்கிவிடலாம். இவ்வரம்பின் நோக்கம் கருதத்தக்கது. பரவலை உறுதிப்படுத்தும் வரம்பாக அது வகுக்கப்படவில்லை. பரவலை மறுக்கும் வரம்பாகவே வகுக்கப்பட்டுள்ளது.

ஒப்புமையும் திசையும்

இம்முறைகளின் செயற்பாட்டைக் கற்பனையான எடுத்துக்காட்டு ஒன்றால் விளக்கலாம். ஒரு பச்சிளங்குழந்தைப் பிரிவில் மூன்று குழந்தைகளுக்கு எம்.ஆர்.எஸ்.ஏ. தொற்று ஏற்படுகிறது எனக் கொள்வோம். பணியாளர் 40 பேரின் மூக்கைச் சோதித்ததில் இருவரிடம் எம்.ஆர்.எஸ்.ஏ. காணப்படுகிறது. ஐந்து மாதிரிகளும் எஸ்.டி. 22 வகையைச் சேர்ந்தவை. இந்நிலையில் நிறுத்திக்கொண்டால் இருவர்மீதும் ஐயம் விழும்.

முழுத்தொகுதி வரிசையாக்கம் செய்தபின் நிலைமை மாறுகிறது. மூன்று குழந்தைகளின் மாதிரிகள் தம்முள் இரண்டு முதல் நான்கு மாற்றங்களே வேறுபடுகின்றன. முதற் பணியாளரின் மாதிரி அவற்றிலிருந்து 90 மாற்றங்கள் விலகியுள்ளது. எனவே அவருக்கும் இத்தொற்றுக்கும் அண்மைத் தொடர்பில்லை. அவரிடம் காணப்பட்ட திரிபு இத்தொற்றுக்கு மூலமாக இருந்திருக்க இயலாது என உறுதியாகக் கூறலாம். இரண்டாம் பணியாளரின் மாதிரி குழந்தைகளுடையவற்றிலிருந்து மூன்று மாற்றங்களே விலகியுள்ளது. அவர் இத்தொற்றுத் தொடரில் ஒரு கண்ணி என்பது இதனால் தெரிகிறது.

ஆனால் அவர் அத்தொடரில் எந்த இடத்துக் கண்ணி? அவரிடமிருந்து குழந்தைகளுக்குச் சென்றிருக்கலாம். முதற் குழந்தையைத் தூக்கிப் பராமரித்ததால் அவர் அதனைப் பெற்றிருக்கலாம். இருவருக்கும் பொதுவான மூன்றாவது மூலம் ஒன்று, எடுத்துக்காட்டாகச் சோதிக்கப்படாத ஒரு தாயோ பார்வையாளரோ, இருந்திருக்கலாம். மூன்று நிலைகளிலும் மாற்றங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். எண்ணிக்கை அண்மையைக் காட்டுகிறது, திசையைக் காட்டுவதில்லை.

திசையை அறிய வேறு சான்றுகள் வேண்டும். குழந்தைகள் பிறந்த நாள், தொற்று வெளிப்பட்ட நாள், பணிமுறை அட்டவணை, படுக்கை ஒதுக்கீடு, முன்பே எடுத்த மாதிரிகள் ஆகியவற்றை மரபுவழி மரத்துடன் இணைத்துப் பார்க்க வேண்டும். மேலும், ஒருவர் மூக்கில் வாழும் ஆரியஸ் ஒற்றை உருவினது அன்று. நெடுநாள் சுமப்பவரிடம் சில மாற்றங்களால் வேறுபட்ட பல கிளைகள் ஒருங்கே வாழும். தட்டிலிருந்து ஒரே ஒரு வளர்திரளை எடுத்து வரிசைப்படுத்தினால் அப்பன்மை மறைந்துவிடும். பல வளர்திரள்களை எடுத்துப் படித்தால், ஒருவரிடம் அந்நுண்ணுயிரி நீண்ட காலமாகக் கிளைத்து வந்துள்ளதா, அண்மையில்தான் வந்து சேர்ந்ததா என ஓரளவு ஊகிக்கலாம்.

இரு ஆய்வுகள் காட்டும் இரு பக்கங்கள்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள ரோசி மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைச் சிறப்புப் பிரிவில் 2011 இல் எம்.ஆர்.எஸ்.ஏ. பரவியது. ஹாரிஸ், ஷரோன் பீக்காக் ஆகியோர் அடங்கிய குழு இதனை முழுத்தொகுதி வரிசையாக்கத்தால் ஆராய்ந்து 2013 இல் வெளியிட்டது. வழக்கமான முறைகள் தனித்தனி நிகழ்வுகளெனக் கருத இடமளித்தவற்றை வரிசையாக்கம் ஒரே தொற்றுத்திரளாக இணைத்தது. எஸ்.டி. 22 இலிருந்து ஒரே ஒரு மரபணு இடத்தில் வேறுபட்ட எஸ்.டி. 2371 என்னும் புதிய வகையே அங்குப் பரவியிருந்தது. மொத்தம் 26 பேர் அத்திரளைச் சேர்ந்தவர்கள் எனத் தெரியவந்தது.

எம்.ஆர்.எஸ்.ஏ. உள்ள கடைசிக் குழந்தை பிரிவை விட்டுச் சென்று, பிரிவு முழுவதும் ஆழ்ந்து தூய்மை செய்யப்பட்டிருந்தது. அதற்குப் பின்னும், 64 நாட்கள் கழித்து, அதே திரிபு மீண்டும் ஒரு குழந்தையிடம் தோன்றியது. இடைப்பட்ட காலத்தில் அது எங்கோ தங்கியிருக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று. பணியாளர் 154 பேர் சோதிக்கப்பட்டனர். ஒருவரிடம் மட்டும் எம்.ஆர்.எஸ்.ஏ. காணப்பட்டது. அவரிடமிருந்து பெற்ற 20 வளர்திரள்கள் வரிசைப்படுத்தப்பட்டு, அவை இத்திரளைச் சேர்ந்தவையே என உறுதிசெய்யப்பட்டது. இங்குக் காலக்கணக்கும் மரபணுச் சான்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. பணியாளர் ஒருவர் சுமந்ததைக் கண்டறியாமல் விட்டிருந்தால் மேலும் குழந்தைகள் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும்.

மற்றொரு பக்கத்தைப் பிரைட்டன் நகர மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு காட்டுகிறது. பிரைஸ் குழுவினர் 2017 இல் வெளியிட்ட அவ்வாய்வு 2011 அக்டோபர் இறுதி முதல் 2012 டிசம்பர் வரை நடந்தது. பணியாளர் 198 பேரின் மூக்கிலிருந்து நான்கு வாரங்களுக்கு ஒருமுறை மாதிரி எடுக்கப்பட்டது. நோயாளிகளும் சுற்றுப்புறப் பரப்புகளும் தொடர்ந்து சோதிக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் பணியாளருள் ஏறத்தாழ 37 விழுக்காட்டினர் ஆரியஸ் சுமந்தனர். ஆய்வுக்காலத்தில் ஒருமுறையேனும் சுமந்தோர் 115 பேர், அதாவது 58 விழுக்காட்டினர்.

இத்தனை பேர் சுமந்தும், நோயாளிகளுக்குப் பரவியதாகக் கண்டறியப்பட்ட நிகழ்வுகள் 25 மட்டுமே. அவற்றுள் 16 பிற நோயாளிகளிடமிருந்தும், ஏழு பணியாளரிடமிருந்தும், இரண்டு சுற்றுப்புறத்திலிருந்தும் வந்தவை. அப்பிரிவில் 605 தனித்தனி மரபணு உட்பிரிவுகள் இனங்காணப்பட்டன. வழக்கமான தூய்மை நெறிகள் பேணப்படும் பிரிவில், பணியாளர் மூக்கிலுள்ள ஆரியஸ் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகிறது என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. ரோசி மருத்துவமனை நிகழ்வும் பிரைட்டன் முடிவும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. பணியாளரிடமிருந்து பரவுதல் உண்மையே. அது அரிது என்பதும் உண்மையே. எந்த நிகழ்வு எவ்வகையது என்பதைப் பிரித்தறியும் கருவியாக வகைப்பாடு பயன்படுகிறது.

நடைமுறைக்கு உரியன

முன்னர்க் குறித்த ஆல்ப்ரிக், ஹார்பார்த் மதிப்பாய்வு தன் தலைப்பிலேயே, மருத்துவப் பணியாளர் எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கு மூலமா, கடத்தியா, பாதிக்கப்பட்டவரா என வினவியது. மூன்றாம் சொல் பெரும்பாலும் மறக்கப்படுகிறது. அம்மதிப்பாய்வின்படி எம்.ஆர்.எஸ்.ஏ. சுமந்த பணியாளருள் 5.1 விழுக்காட்டினருக்கு நோயே உண்டாகியிருந்தது. நோயாளியைப் பராமரிக்கும் பணியில் பெற்ற நுண்ணுயிரி பணிசார் இடர் ஆகும். அதனைச் சுமப்பவர் மருத்துவ உதவிக்கு உரியவர்.

நெதர்லாந்தில் ‘தேடி அழித்தல்’ என்னும் கொள்கை பின்பற்றப்படுகிறது. எம்.ஆர்.எஸ்.ஏ. சுமக்கும் பணியாளர் நோயாளிப் பராமரிப்பிலிருந்து விலக்கப்பட்டு, சிகிச்சைக்குப் பின் மீண்டும் பணியில் சேர்க்கப்படுவர். எம்.ஆர்.எஸ்.ஏ. மிக அரிதாக உள்ள நாட்டில் இது இயலும். எம்.ஆர்.எஸ்.ஏ. பரவலாக உள்ள நாட்டில் அவ்வாறே விலக்க முற்பட்டால் பணிக்கு ஆளில்லாமல் போகும். நாட்கூலி முறையிலோ ஒப்பந்த முறையிலோ பணியாற்றும் ஒருவருக்கு விலக்கம் என்பது ஊதிய இழப்பு. சோதனையின் விளைவு ஊதிய இழப்பாயின் அடுத்தமுறை மாதிரி தர அவர் தயங்குவார். அத்தயக்கம் இறுதியில் நோயாளியையே பாதிக்கும்.

மேற்கண்டவற்றிலிருந்து சில நெறிகளை வகுக்கலாம். முதலாவதாக, தொற்றுத்திரள் இல்லாதபோது பணியாளர் அனைவரையும் சோதிப்பதால் கிடைக்கும் பயன் குறைவு. கைத்தூய்மையைப் பேணுவதே முதன்மையானது. இரண்டாவதாக, தொற்றுத்திரள் எழும்போது நோயாளிகளின் மூக்கு மாதிரிகளையும் சேர்த்தே எடுத்தல் வேண்டும். மூன்றாவதாக, நோயாளிகளின் மாதிரிகளை முதலில் வகைப்படுத்தி, அவை ஒரே திரிபைச் சேர்ந்தவைதாமா என உறுதிசெய்த பின்னரே பணியாளரை நோக்கித் திரும்ப வேண்டும். அவை வெவ்வேறாயின் பொதுமூலத்தைத் தேடும் தேவையே எழாது. நான்காவதாக, ஆய்வகத்துக்குச் செல்லும் மாதிரியில் பெயருக்கு மாற்றாகக் குறியெண் இடப்பட வேண்டும்; முடிவு உரியவருக்கும் பணிநல மருத்துவருக்கும் மட்டும் தெரிவிக்கப்பட வேண்டும்.

ஐந்தாவதாக, தொடர்பு உறுதியானவருக்கு ஊதிய இழப்பின்றிச் சிகிச்சை அளித்தல் வேண்டும். முப்பிரோசின் களிம்பை மூக்கினுள் சில நாட்கள் தடவுவதும் குளோர்ஹெக்சிடின் கொண்டு குளிப்பதும் வழக்கமான சிகிச்சை. இதன் பயனை நோயாளிகளிடம் நிகழ்த்திய ஆய்வு ஒன்று காட்டியுள்ளது. நெதர்லாந்தில் போட குழுவினர் 2010 இல் வெளியிட்ட அவ்வாய்வில், மூக்கில் ஆரியஸ் சுமந்த நோயாளிகளுக்கு இச்சிகிச்சை அளித்தபோது மருத்துவமனையில் பெறும் ஆரியஸ் தொற்று 7.7 விழுக்காட்டிலிருந்து 3.4 விழுக்காடாகக் குறைந்தது. எனினும் முப்பிரோசினுக்கும் எதிர்ப்பாற்றல் தோன்றியுள்ளமையால் காணும் ஒவ்வொருவருக்கும் அதனை வழங்குவது தகாது. யாருக்குத் தேவை என்பதைத் தெரிவு செய்யவும் வகைப்பாடு துணைநிற்கிறது.

வரிசையாக்க வசதி எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. வளர்த்தெடுத்த மாதிரியை உறைநிலையில் சேமித்து வைப்பதற்கு அவ்வளவு பெரிய வசதி தேவையில்லை. சேமித்த மாதிரியைப் பின்னர் வசதியுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பலாம். எறிந்துவிட்ட மாதிரியிலிருந்து எவ்விடையும் பெற இயலாது.

முடிவுரை

ஆரியஸ் வகைப்பாட்டின் வரலாறு, ஒப்பீட்டின் நுட்பம் படிப்படியாகக் கூர்மை பெற்ற வரலாறு ஆகும். ஃபேஜ் அழித்த வட்டங்களிலிருந்து ஒற்றைக் கார மாற்றங்கள் வரை அது வளர்ந்துள்ளது. ஒவ்வொரு படியிலும், முன்பு ஒன்றெனக் கருதப்பட்டவை பல எனப் பிரிந்தன. அதனால் முன்பு ஐயத்துக்கு உள்ளான பலர் தொடர்பற்றவர் எனத் தெளிந்தது. ஒருவரைத் தொற்றுத்தொடரிலிருந்து விலக்குவதில் இன்றைய முறை ஏறத்தாழ ஐயத்துக்கு இடமளிப்பதில்லை. ஒருவரை அத்தொடரின் தொடக்கம் எனச் சுட்டுவதற்கோ காலம், இடம், பணிமுறை ஆகியவற்றின் சான்றுகளும் உடன் வேண்டும். இவ்வேறுபாட்டைத் தொற்றுக்கட்டுப்பாட்டுக் குழுவினரும் நிருவாகத்தினரும் உணர்ந்திருப்பின், பணியாளர் அச்சமின்றி மாதிரி தருவர், உண்மையான மூலம் விரைவில் புலப்படும், நோயாளியும் காக்கப்படுவார்.